பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பாலிஷ்: உப்புத்தாளுக்கு முன்னால் ஒரு சொட்டு ஸ்பிரிட்

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, உப்புத்தாளை எடுத்து நன்றாகத் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் போட்டுவிடலாம் என்பதுதான். எனக்கும் தோன்றியது. தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் ஒரு மூலையில் வால்நட் மரம் காணாமல் போய், அடியில் இருந்த பார்ட்டிகிள் போர்டு (மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) உலர்ந்த ரவை உப்புமா மாதிரி எட்டிப்பார்த்தது. அந்த மூலை இன்றைக்கும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் நிற்கிறது.

1960, 70களின் ‘மர’ ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை முழு மரத்தால் ஆனவை அல்ல. பார்ட்டிகிள் போர்டு அல்லது ப்ளைவுட், அதன்மேல் ஒட்டிய வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு, அவ்வளவுதான். வெனீரின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். 1954ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்கர் வில்சரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு, அதாவது பாஸ் சத்தத்தைத் தரும் பெரிய வட்டத்துக்கு, ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தது. முழு மரமோ மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், இணைப்பு விட்டுப்போகும், காற்று கசியும், ஸ்பிரிங் போச்சு. அதற்கு அசையாத பலகைதான் தோது, மேலே கண்ணுக்கு ஒரு மெல்லிய மரம் போதும்.

பாலிஷை மாற்றினால் சத்தம் மாறுமா என்று கேட்பவர்கள் உண்டு. 19 மில்லிமீட்டர் பலகையின் மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு படலம் என்ன செய்துவிடும்? ஆனால் வேலைக்காக வூஃபரைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது விளிம்பில் காற்று கசிந்தால் பாஸ் நிச்சயம் கெடும். மூடிய பெட்டி என்றால் வூஃபரின் கோனை (முன்னால் தெரியும் கூம்பை) விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விட்டுப் பாருங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் அடைப்பு சரியாக இருக்கிறது.

சரி, நாமே செய்யலாமா, ஆளைக் கூப்பிடலாமா? பெட்டியின் மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள, பெட்டியின் அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஆல்கஹால்) விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. (அந்தக்கால 78 சுற்று இசைத்தட்டுகளையும் இதே அரக்கைக் கொண்டுதான் செய்தார்கள்.) ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் அனேகமாக வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். படலமே இல்லாமல், சொட்டுத் தண்ணீர் அப்படியே மரத்துக்குள் இறங்கினால் எண்ணெய் மட்டும் தடவிய பெட்டி.

இதன் பின்னால் இருக்கும் வேதியியல் கற்கண்டுக்கும் அவித்த முட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான். ஷெல்லாக்கும் லேக்கரும் கற்கண்டு ஜாதி. கரைத்த திரவம் ஆவியாகிப் போனதும் படலம் மிஞ்சுகிறது, அதே திரவம் திரும்பப் பட்டால் திரும்பவும் கரைகிறது. அதனால் கீறல் விழுந்த பழைய படலத்தைச் சுரண்டவே வேண்டாம், மேலே புதிதாக ஒரு கோட் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். வார்னிஷும் பாலியூரித்தேனும் அவித்த முட்டை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிட்டன, இனி எதிலும் கரையாது, தேய்த்தோ ரசாயனம் போட்டு உரித்தோதான் எடுக்க வேண்டும். மெல்லிய வெனீர் மேல் அந்த வேலையை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள மாட்டேன், அனுபவமுள்ள ஆளிடம் விட்டுவிடுவேன். உரிக்கப் பயன்பட்ட மெத்திலீன் குளோரைடு ஆளையே கொல்லும் என்பதால் பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர்களில் அதை 2019ல் அமெரிக்கா தடை செய்தது.

தேநீர்க் கோப்பை வைத்த வளையத்துக்கு வருவோம். வெள்ளையாக இருந்தால் கவலை இல்லை. ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். ஷெல்லாக்கோ லேக்கரோ என்றால் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மேலாகத் தடவியதுமே பெரும்பாலும் மறைந்துவிடும். கருப்பு வளையம் என்றால் தண்ணீர் மரத்துக்குள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம். இரும்பும் மரத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்து உண்டாக்கும் கருப்பு அது. கலம்காரித் துணியில் கடுக்காய் ஏறிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டதும் கருக்கிறதே, அதே வினைதான். ஆக்சாலிக் அமிலம் இதை வெளுக்கும். அது விஷம், கையுறை அவசியம். கரைசலைத் துணியில் தொட்டுத்தான் தடவ வேண்டும், ஊற்றினால் அடியில் இருக்கும் பார்ட்டிகிள் போர்டு ஊதிவிடும், ஊதினது திரும்ப வற்றாது.

எண்ணெய் தடவிய பெட்டி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. அழுக்கைத் துடைத்து, லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெயை) மெல்லிசாகத் தடவி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் செத்துக் கிடந்த மரத்துக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். காய்ந்த மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடித்து மரத்தை வெளிற வைக்கிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் சிதறல் குறைகிறது, ஒளி ஆழம் போய் நிறத்தோடு திரும்புகிறது. மழையில் நனைந்த செம்மண் சாலை கருஞ்சிவப்பாவதும் இப்படித்தான். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். லின்சீட் ஆயில் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

எந்தப் பாலிஷாக இருந்தாலும் ஸ்டீல் வுல் (தேய்க்கப் பயன்படும் மெல்லிய இரும்பு நார்) மட்டும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே வரக்கூடாது. அதன் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அசையும் மெல்லிய இடைவெளிக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கரகரப்புதான்.

வெனீர் கிழிந்து ஒட்டுப்போட வேண்டும், லேக்கரை ஸ்ப்ரே செய்ய வேண்டும் என்றால் ஆளிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் கொடுப்பதற்கு முன் மெஷின் போட்டுத் தேய்ப்பீர்களா, எத்தனை நம்பர் பேப்பர் போடுவீர்கள் என்று கேளுங்கள். ‘எண்பது நம்பர் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்’ என்றால், அது முரட்டுப் பேப்பர், கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பாலியூரித்தேன் அடித்துத் தருகிறேன் என்பவரிடமும் நான் கொடுக்க மாட்டேன், ஸ்பீக்கர் பீரோ மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, ஒரு பெட்டியை மட்டும் முதலில் செய்து பார்ப்போம் என்று ஆரம்பிக்காதீர்கள். தேக்கு, மஹோகனி மாதிரி மரங்கள் வயதாக ஆகக் கருக்கும், வால்நட் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுக்கும். வால்நட்டைத் தேய்த்ததும் உள்ளே இருந்த பழைய கருமை வெளியே வந்துவிடும். நான் ஒன்றைத்தான் தேய்த்தேன், மூலை போனதும் பயந்து மற்றதை விட்டுவிட்டேன். இப்போது வலது பக்கம் டிகாக்‌ஷன், இடது பக்கம் பால் தூக்கலான காபி.