வாடிக்கை: ‘சுற்றுலா விசுவாசம்’ ஏன் பிழை

விமான நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி, தங்கும் விடுதியின் கருத்துக்கேட்புத் தாள், சுற்றுலாப் பயிலரங்கின் குறிப்பேடு என்று எங்கு பார்த்தாலும் ‘விசுவாசம்’ பெருகிக் கிடக்கிறது. விசுவாசத் திட்டம், விசுவாசப் புள்ளிகள், விசுவாச அட்டை. இப்போது புதுச்சேரியில் நான்கைந்து அறை வைத்துப் பிழைக்கிறவருக்கும் ‘சுற்றுலாப் பயணிகளின் விசுவாசத்தை வளர்ப்பது எப்படி’ என்று பாடம் நடக்கிறது. ‘லாயல்டி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுதான் நேர் என்று நினைத்து எழுதுகிறார்கள். வணிகத்தில் இது நேராகாது. நம் கடைத்தெரு நாளெல்லாம் புழங்கும் சொல் ஒன்று இதற்கென்றே இருக்கிறது: வாடிக்கை.

முதலில் வேர்களைப் பார்த்துவிடலாம். ‘லாயல்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘லெகாலிஸ்’ என்பதிலிருந்து வந்தது. சட்டத்துக்கு உட்பட்டது என்று பொருள். ‘லீகல்’ அதன் உடன்பிறப்பு. சொன்ன சொல்லை, செய்த ஒப்பந்தத்தைக் காப்பது என்பதே அதன் அடிக்கருத்து. ‘விசுவாசம்’ சமஸ்கிருத ‘விச்வாஸ’; மூச்சைக் குறிக்கும் ‘ச்வஸ்’ என்ற வேரிலிருந்து வந்து நம்பிக்கை என்ற பொருளில் நிற்கிறது. ‘வாடிக்கை’க்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உறவு உண்டு. தெலுங்கில் ‘வாடு’ என்றால் பயன்படுத்து, ‘வாடுக’ என்றால் புழக்கம். கன்னடத்தில் ‘வாடிகெ’ என்றால் வழக்கம்.

தெலுங்கிலிருந்து வந்த சொல் எப்படித் தூய தமிழாகும் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களே ‘விசுவாசம்’ என்று கூசாமல் எழுதுவதுதான் வருத்தம் தருகிறது. திராவிட மொழிக் குடும்பத்துக்குள் கைமாறிய சொல்லை விலக்கிவிட்டு, பொருளும் பொருந்தாத வடசொல்லை உள்ளே விடுவது எந்தத் தூய்மைக் கணக்கிலும் சேராது.

‘விசுவாசம்’ தமிழில் வந்து நின்ற இடங்கள் நான்கு. முதல் மூன்று இவை. எசமானுக்கு வேலைக்காரன் காட்டுவது, வளர்த்தவருக்கு நாய் காட்டுவது, அரசனுக்குக் குடிமகன் காட்டுவது. ‘நன்றி விசுவாசம்’, ‘எஜமான விசுவாசம்’, வெள்ளைக்காரன் காலத்து ‘ராஜ விசுவாசம்’ ஆகிய மூன்றிலும் அது கீழே இருப்பவரிடமிருந்து மேலே போகிறது. கடையில் மேல் கீழ் ஏது? காசு கொடுப்பவர் எந்தக் கடைக்கும் விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ‘எங்கள் விசுவாசமான வாடிக்கையாளர்களே’ என்று அழைக்கும் விளம்பரம், வாங்குகிறவரை வேலையாள் இடத்தில் உட்கார வைக்கிறது.

நான்காவதாக, கிறிஸ்தவச் சபைகளில் அது இறைநம்பிக்கை. விசுவாசப் பிரமாணம், விசுவாசிகள் என்பவை அங்கே நன்றாக வேர்விட்ட சொற்கள். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதுச்சேரியில் உட்கார்ந்து ‘சுற்றுலா விசுவாசிகள்’ என்று எழுதுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு ஈஸ்டரை ஒட்டிய திருவிழாவில் திரள்பவர்களை இந்த ஊர் ‘விசுவாசிகள்’ என்கிறது. அதே வில்லியனூருக்குச் சுடுமண் பொம்மை வாங்க ஆண்டுதோறும் வருபவரையும் அப்படியே அழைத்தால், அதைப் படிப்பவர் யாரை எண்ணுவார்?

‘பிரெஞ்சுக்காரர்களும் ஃபிதெலித்தே என்றுதானே சொல்கிறார்கள், அது நம்பிக்கையைக் குறிக்கும் சொல்தானே’ என்று இந்த ஊரில் ஒரு வாதம் உண்டு. உண்மைதான். ஆனால் ஒரே காப்பிக்கடைக்குத் தினமும் வருபவரை அவர்கள் ‘அபித்துயே’ என்கிறார்கள். பழக்கத்திலிருந்து பிறந்த சொல். ஆங்கிலத்திலும் ‘கஸ்டம்’ என்றால் வழக்கம், அதிலிருந்து வந்தவர் ‘கஸ்டமர்’. வாடிக்கை, வாடிக்கையாளர் என்று நாமும் அதே வழியில்தான் சொல் செய்திருக்கிறோம். கையில் இருப்பதை மறந்துவிட்டு வேறு தேடுவானேன்?

வாடிக்கையின் சிறப்பு அது இரு பக்கமும் ஓடுவது. ‘அவர் எங்க வாடிக்கை’ என்று கடைக்காரர் சொல்வார். ‘அவர் எங்க வாடிக்கை பால்காரர்’ என்று வாங்குகிறவரும் சொல்வார். ‘வாடிக்கை விட்டுப்போச்சு’ என்றால் குற்றம் இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கிப் பாருங்கள். எடை போட்டு முடித்ததும், முகம் தெரிந்தவருக்குக் கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு காம்பு கொத்தமல்லியும் பைக்குள் விழும். அதற்குப் பெயர் கொசுறு. அட்டை இல்லை, புள்ளி இல்லை. வாடிக்கையை மதிக்கிறேன் என்று விற்கிறவர் காட்டும் அடையாளம் அது.

‘விசுவாசம்’ வேண்டாம் என்ற தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘பற்றுறுதி’ என்று ஆக்கியிருக்கிறார்கள். கொள்கை, கட்சி, நாடு ஆகியவற்றுக்கு அது அழகான சொல். கடைக்கு ஆகாது. கணக்கில் பற்று என்றால் வாங்கிக்கொண்டு பணம் தராமல் நிற்பது. பற்று வரவு நோட்டு இல்லாத மளிகைக்கடை உண்டா? ‘வாடிக்கையாளர் பற்று ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது’ என்று எழுதினால் கடைக்காரர் கடன் ஏறுகிறது என்றுதான் படிப்பார். ‘பற்றுறுதித் திட்டம்’ என்றால் கடன் தருவது உறுதி என்றுகூட எடுத்துக்கொள்வார். சொல்லாக்கம் செய்பவர் அந்தத் தொழிலின் கணக்கு நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

வாடிக்கை என்றால் திரும்ப வருவது மட்டும்தானே, மனம் அதில் எங்கே என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான கேள்விதான். 1994இல் ஆலன் டிக், குணால் பாசு என்ற இரு ஆய்வாளர்கள் ‘லாயல்டி’யை இரண்டு இழைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று திரும்பத் திரும்ப வாங்கும் செயல். மற்றது, போட்டியில் இருப்பவற்றைவிட இதுதான் மேல் என்ற மனநிலை. முதலாவது வாடிக்கை. இரண்டாவதற்குப் ‘பிடிப்பு’ போதும். ‘அந்த ஊர் மேல ஒரு பிடிப்பு’ என்று யாரும் சொல்வதுதான். இரண்டும் சேர்ந்தால் நிலைத்த வாடிக்கை. பிடிப்பு இல்லாமல் வந்துகொண்டே இருந்தால் போலி வாடிக்கை. பேருந்து நிலையத்துக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் தங்குபவர் அப்படி, பக்கத்தில் நூறு ரூபாய் குறைவாக ஒன்று திறந்தால் போய்விடுவார். பிடிப்பு இருந்தும் வராதிருந்தால் உள்ளுறை வாடிக்கை. இரண்டும் இல்லாதவர் வழிப்போக்கர்.

சுற்றுலாவில் உள்ளுறை வாடிக்கைதான் அதிகம். புது இடம் பார்ப்பதே பயணத்தின் நோக்கம் என்பதால், ஊரை நேசித்தவரும் மறுபடி வராமல் போகலாம். ஆனால் பத்துப் பேரிடம் சொல்லுவார். ஆகவே சுற்றுலா வாடிக்கையை அளக்கும்போது மீள்வருகை, பரிந்துரை இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ‘விசுவாசம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இந்த வேறுபாடே மறைந்துவிடுகிறது.

எண்ணுவது கடினமில்லை. விருந்தினர் பதிவேட்டில் மூன்று பத்திக்குக் கூடுதலாகக் கோடு போட்டால் போதும்: எத்தனையாம் வருகை, யார் சொல்லி வந்தார், எதன் வழியாகப் பதிவு செய்தார். தலைகளை எண்ணாமல் பதிவுகளை எண்ண வேண்டும்; இல்லையென்றால் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் எட்டு வாடிக்கையாகிவிடும். கைப்பேசி எண்ணை மட்டும் நம்பினாலும் கணக்குத் தப்பும். போன முறை மனைவியின் எண்ணிலும் இந்த முறை கணவரின் எண்ணிலும் பதிவு செய்திருப்பார்கள். சாவி கொடுக்கும்போது ‘முன்னாடி வந்திருக்கீங்களா?’ என்று வாயால் கேட்பதே சரி.

சொல் தவறினால் செயலும் தவறுகிறது. ‘விசுவாசத் திட்டம்’ என்று கேள்விப்பட்டவர் பெரிய நிறுவனத்தைப் பார்த்துப் ‘பத்து முறை தங்கினால் ஒரு முறை இலவசம்’ என்று அட்டை அடிக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்கு அது பத்தாண்டுக் காத்திருப்பு. வாடிக்கை என்று நினைத்தவர் இரண்டாம் வருகையிலேயே ஏதாவது செய்வார். 2,000 ரூபாய் அறைக்கு முன்பதிவுத் தளம் 20 விழுக்காடு தரகு எடுத்தால் 400 ரூபாய் போகிறது. அதே விருந்தினர் அடுத்த முறை நேரே தொலைபேசியில் அழைத்தால் அந்த 400 கையில் நிற்கும். அதில் 150 ரூபாய்க்குக் காலை உணவு கொடுத்தாலும் 250 மிச்சம். சென்னை, பெங்களூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஞாயிறு கிளம்புகிறார்கள். அன்றிரவு அறை காலியாகக் கிடக்குமென்றால், பழைய விருந்தினரை மாலை நான்கு மணிவரை இருக்கச் சொல்வதில் செலவே இல்லை. சனிக்கிழமை வாடகையைக் குறைப்பது மட்டும் கூடாது. அது எப்படியும் நிரம்பும் நாள்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் ‘சஸ்டெயினபிள்’. கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்பது லத்தீன் வேரின் பொருள். ‘நிலையான’ என்று எழுதினால் அசையாதது, மாறாதது என்று ஆகிறது. நிலையான விலை என்பது மாறாத விலை. ‘நீடித்த’ என்றால் நெடுநாள் இழுப்பது. நோயும் நீடிக்கும், வழக்கும் நீடிக்கும். ‘வளங்குன்றா’ என்பதுதான் பொருளைத் தொடுகிறது. 1713இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர் காடு வளர்ப்பைப் பற்றி எழுதிய கருத்தும் அதுவே: வளர்வதற்கு மேல் வெட்டாதே. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இதை விளக்க அகராதி வேண்டாம். குறுகிய கால்வாயில் மோட்டார் படகை வேகமாக விட்டால் அலை மோதிக் கரை மண் சரியும், சுரபுன்னையின் வேர் வெளியே தெரியும். மரம் குன்றினால் சவாரியும் குன்றும். கடற்கரையோர விடுதி ஆழ்துளைக் கிணற்றில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் ஏறும். குளித்துவிட்டுத் தலைமுடி பிசுபிசுத்தவர் அடுத்த ஆண்டு வேறு இடம் பார்ப்பார். வளமும் வாடிக்கையும் சேர்ந்தே குன்றும்.

இதே வரிசையில் வரும் இன்னொரு சொல் ‘எமர்ஜிங் மார்க்கெட்’. அதற்கு ‘வளரும் சந்தை’ போதும். 1981இல் அன்ட்வான் வான் அக்ட்மேல் என்ற பொருளாதார வல்லுநர் முதலீட்டாளர்களுக்காக உண்டாக்கிய பெயர் அது; அங்கே சந்தை என்பது நாட்டைக் குறிப்பதால் ‘வளரும் சந்தை நாடுகள்’ என்றால் குழப்பம் இராது. ‘வெளிப்படும் சந்தைகள்’, ‘தோன்றும் சந்தைகள்’ எல்லாம் அகராதியில் முதலில் கண்ட பொருளை அப்படியே ஒட்டியவை.

கருத்துக்கேட்புத் தாள் அச்சிடுகிறவர்கள் ‘எங்கள் விடுதிக்கு நீங்கள் எவ்வளவு விசுவாசமாக இருக்கிறீர்கள்?’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘மறுபடி இந்த ஊருக்கு வந்தால் இங்கேயே தங்குவீர்களா?’, ‘தெரிந்தவர்களுக்கு எங்களைச் சொல்வீர்களா?’ என்று இரண்டு கேள்வியாகப் போடுங்கள். முதலாவதற்கு ‘ஊருக்கே வரமாட்டேன்’ என்று தனியாக ஒரு கட்டமும் வையுங்கள். அது இல்லையென்றால் ஊரை முடித்துக்கொண்டவரும் விடுதியை வெறுத்தவரும் ஒரே ‘இல்லை’யில் விழுந்துவிடுவார்கள்.