பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து நிறம் மாறும் கட்டம்

விரிதாளில் ஒரு கட்டம் தன்னிடமுள்ள எண்ணைப் பொறுத்து நிறம் மாறுவதற்கு எளிய விதி ஒன்றே போதும். ஆனால் வேலைகளின் பெயர் ஏ (A) நெடுவரிசையிலும் அவற்றின் நிலை சி (C) நெடுவரிசையிலும் உள்ள பட்டியலில், நிலை ‘முடிந்தது’ என்று ஆனவுடன் அந்த வரி முழுவதும் பச்சையாக வேண்டுமானால், ஒவ்வொரு கட்டமும் தன்னை விடுத்து வேறொரு கட்டத்தைப் பார்த்தாக வேண்டும். இதற்காகவே எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் நிபந்தனை வடிவமைப்புக்கு, அதாவது நிபந்தனை பொருந்தினால் கட்டத்தின் நிறத்தை மாற்றும் வசதிக்கு, நாமே சூத்திரம் எழுத இடம் உண்டு.

ஏ2 முதல் டி100 வரை மேலிருந்து தேர்ந்தெடுத்து, =$C2="முடிந்தது" என்று எழுதுவோம். எழுதியது ஒரே சூத்திரம். ஆனால் மென்பொருள் அதை 396 கட்டங்களிலும் தனித்தனியே சோதிக்கிறது. விடை ‘உண்மை’ என்றால் நிறம் ஏறும். ‘பொய்’ என்றாலோ பிழை என்றாலோ கட்டம் அப்படியே இருக்கும்.

இதன் உயிர்நாடி டாலர் குறியில் இருக்கிறது. நாம் எழுதும் சூத்திரம் தேர்வின் இடது மேல் மூலையிலுள்ள ஏ2 கட்டத்துக்கு உரியது. மற்றக் கட்டங்களுக்குச் செல்லும்போது, சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டினால் முகவரிகள் எப்படி நகருமோ அப்படியே இங்கும் நகரும். சி என்ற எழுத்துக்கு முன் டாலர் இருப்பதால் நெடுவரிசை நகராது. 2 என்ற எண்ணுக்கு முன் டாலர் இல்லாததால், மூன்றாம் வரியிலுள்ள கட்டங்கள் சி3-ஐப் பார்க்கும். டாலரே இல்லாவிட்டால் பி2 கட்டம் டி2-ஐப் பார்க்கத் தொடங்கி, நிறங்கள் தாறுமாறாகும். இரண்டுக்கும் முன்னால் டாலர் இட்டால் எல்லாக் கட்டங்களும் ஒரே கட்டத்தை நோக்கும். உச்சவரம்பு ஒன்றைத் தனிக் கட்டத்தில் வைத்து ஒப்பிட அதுவே ஏற்ற வழி.

தேர்வு இரண்டாம் வரியில் தொடங்க, சூத்திரத்தில் சி1 என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. நிறம் ஒரு வரி தள்ளி விழுவதால், பெரிய பட்டியலில் இது எளிதில் கண்ணில் படாது. தேதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. விரிதாளுக்குத் தேதி என்பது வெறும் எண். ஒப்பிடும்போது வெற்றுக் கட்டம் 0 எனக் கொள்ளப்படுவதால், ‘இன்றைய தேதிக்கு முந்தையது’ என்ற விதி, கெடு குறிக்கப்படாத வேலைகளையும் தாமதமானவை எனச் சிவப்பாக்கிவிடும். ஆகவே, கட்டம் காலியாக இல்லை என்ற நிபந்தனையையும் அதே சூத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும்.