ஒரே கடைக்கு மூன்று பதிவுகள்: பழைய வாடிக்கையாளர் தரவு எப்படிச் சீராகிறது

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த அதன் வாடிக்கையாளர் பட்டியலில் 50,000 பதிவுகள் உள்ளன. பில் போடும் மென்பொருளில் ‘தமிழரசன் ட்ரேடர்ஸ், கோவை’ என்றும், விற்பனைப் பிரதிநிதியின் எக்செல் கோப்பில் ‘தமிழரசன் ட்ரேடிங் கம்பெனி’ என்றும், சர்வீஸ் பிரிவில் ‘எம். தமிழரசன், காந்திபுரம்’ என்றும் மூன்று வரிகள் இருக்கின்றன. இவை ஒரே கடையா, இரண்டா, மூன்றா? பழைய தரவைச் சீராக்குவது என்றால் எழுத்துப் பிழை திருத்துவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வேலையின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதில்தான் கழிகிறது.

கேள்விக்குப் போகுமுன் எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொலைபேசி எண்ணை எடுத்துக்கொண்டால், நாட்டுக் குறியீடு உட்பட அதிகபட்சம் 15 இலக்கங்கள் என்று வரையறுக்கும் சர்வதேச வடிவம் ஒன்று உண்டு. இந்திய மொபைல் எண் அதில் 91-ஐத் தொடர்ந்து பத்து இலக்கங்களாக அமையும். ஆனால் பழைய கோப்புகளில் அதே எண் முன்னால் பூஜ்யத்துடன் இருக்கும், நடுவில் இடைவெளியுடன் இருக்கும், சாய்கோட்டுக்குப் பின் இன்னொரு எண்ணையும் சுமந்திருக்கும். லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்கும்போது முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்ததால், அந்தப் பூஜ்யத்தை எண்ணின் பகுதியாகவே எழுதி வைத்தவர்களும் உண்டு. கோவையின் 0422 என்ற எஸ்டிடி குறியீடு எக்செலில் எண்ணாகப் பதிவானால் முதல் பூஜ்யம் உதிர்ந்து, ஏழு இலக்க லேண்ட்லைன் எண்ணோடு சேர்ந்து சரியாகப் பத்து இலக்கங்களாகி, மொபைல் எண் போலவே நிற்கும். இந்திய மொபைல் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் மட்டுமே தொடங்குகின்றன என்பதை அறிந்த நிரல், முதல் இலக்கம் 4 என்பதைக் கண்டு இதைப் பிடித்துவிடும். இதைவிட மோசமான விபத்து ஒன்று உண்டு. 12 இலக்க எண்ணை எக்செல் தன் இயல்பான அமைப்பில் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் சுருக்கம் மட்டுமே எஞ்சும். இலக்கங்கள் தொலைவதோடு நில்லாமல், வெவ்வேறு வாடிக்கையாளர்களின் எண்கள் ஒன்றுபோல் தோன்றி, இல்லாத டூப்ளிகேட்டுகள் முளைத்துவிடும்.

சில குறியீடுகள் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளும் வசதியுடன் பிறக்கின்றன. 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், 13ஆவது அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் பெற்ற பதிவின் வரிசை. கடைசி எழுத்து, முந்தைய பதினான்கையும் மாறிமாறி 1, 2 ஆகியவற்றால் பெருக்கி, 36ஐ அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுவது. ஓர் எழுத்தை மட்டும் தவறாக அடித்தால் இந்தக் கணக்கு கட்டாயம் பொய்த்துப்போகும். ஆனால் கணக்கு சரியாக வந்தால், எண் சரியான வடிவில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது இந்தக் கடையின் எண்தானா, பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடித்தான் அறிய முடியும். மின்னஞ்சலுக்கும் இதே நிலைதான். முகவரியில் @ குறிக்குப் பின் வரும் டொமைனுக்கு அஞ்சல் பெறும் சர்வர் இருக்கிறதா என்பதை உடனே பார்த்துவிடலாம். ஆனால் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி அமைத்த சர்வர்கள் பல இருப்பதால், அதற்குமேல் கிடைக்கும் பதிலை முழுமையாக நம்ப முடியாது.

பெயர்தான் உண்மையான சிக்கல். பெரும்பாலான பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருப்பதால், ஒரே தமிழ்ப் பெயர் பல உருவங்கள் எடுக்கிறது. உச்சரிப்பு ஒத்த பெயர்களைத் திரட்ட ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்ததே ‘சவுண்டெக்ஸ்’. இது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்யெழுத்துகளை மூன்று இலக்கங்களாக மாற்றும். ஆங்கிலேயப் பெயர்களுக்கு ஓரளவு பொருந்தும் இது நம் ழகரத்தில் தடுக்கி விழுகிறது: தமிழரசன் என்பதை ‘எல்’ போட்டு எழுதினால் டி546, ‘இஸட்-ஹெச்’ போட்டு எழுதினால் டி526. செல்வத்தை ‘எஸ்’ஸில் தொடங்கினால் ஒரு குறியீடு, யாழ்ப்பாணத்தாரைப் போல ‘சி-ஹெச்’சில் தொடங்கினால் வேறொன்று. ஆகவே சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்த தொலைவு அளவே இங்கு அதிகம் உதவுகிறது: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று அது எண்ணுகிறது. ‘டி’யில் தொடங்கி ‘எல்’ போட்ட தமிழரசனுக்கும், ‘டி-ஹெச்’சில் தொடங்கி ‘இஸட்-ஹெச்’ போட்டவருக்கும் இடையே தொலைவு மூன்றுதான். ஊர்ப் பெயரும் இதற்குக் குறைந்ததல்ல. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றுவதாக அறிவித்து, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. நிலைத்திருந்தால் அத்தனை பட்டியல்களிலும் இன்னொரு அடுக்கு வேற்றுமை படிந்திருக்கும். 1972இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு இந்த விஷயத்தில் பெயரைவிட நம்பத்தக்கது.

இத்தனை அரைகுறைச் சான்றுகளையும் எப்படிக் கூட்டுவது? கனடாவில் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியில் இணைத்த ஹோவர்டு நியூகோம், 1959இலேயே அரிய பெயர் ஒத்துப்போவது சாதாரணப் பெயர் ஒத்துப்போவதைவிட வலுவான சான்று என்பதைப் பயன்படுத்தினார். இந்த எண்ணத்துக்கு முழுமையான கணித உருவம் தந்தவர்கள் அதே நாட்டின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஐவன் ஃபெலெகியும் ஆலன் சன்டரும், ஆண்டு 1969. ஒரே கடையின் இரு பதிவுகளில் பின்கோடு ஒத்திருக்கும் வாய்ப்பு 90 சதவீதம், வெவ்வேறு கடைகளில் அது தற்செயலாக ஒத்திருக்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்று கொண்டால், விகிதம் 90. இரண்டை அடிமானமாகக் கொண்ட அதன் மடக்கை, அதாவது 90 கிடைக்க இரண்டை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்ற எண், ஏறத்தாழ 6.5. இதுவே மதிப்பெண். ஒத்துப்போகாவிட்டால் 3.3 கழியும். மொபைல் எண்ணுக்கு 60 சதவீதமும் லட்சத்தில் ஒன்றும் என்று வைத்தால், ஒத்துப்போனால் 16 கிடைக்கும், ஒத்துப்போகாவிட்டால் 1.3 மட்டுமே கழியும். எண் மாறியது பெரிய குற்றமில்லை, எண் ஒன்றாக இருப்பதோ மிகப் பெரிய சான்று என்று அனுபவமுள்ள கணக்காளர் மனதில் போடும் கணக்கைத்தான் இந்தச் சூத்திரமும் போடுகிறது. மதிப்பெண்களின் கூட்டுத்தொகை மேல் எல்லையைத் தாண்டினால் ஒரே கடை, கீழ் எல்லைக்குக் கீழே போனால் வெவ்வேறு கடைகள். இடைப்பட்டவை மனிதரின் பார்வைக்கு.

50,000 பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறத்தாழ 125 கோடி இணைகள் வரும். பின்கோட்டின்படி நூறு நூறாக 500 குழுக்களாக்கி, குழுவுக்குள் மட்டும் ஒப்பிட்டால் 25 லட்சத்துக்குள் அடங்கிவிடும். பின்கோடே தவறானவை தப்பிவிடும் என்பதால், மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டு இன்னொரு சுற்று ஓட்டுவது வழக்கம்.

என் கருத்தில், ஒரே கடையை இரண்டாக விட்டுவைப்பதைவிட இரண்டு கடைகளை ஒன்றாக்குவது பெரிய தவறு. முன்னதால் ஒரே விளம்பரம் இருமுறை போகும், கடன் வரம்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். பின்னதால் ஒருவரின் பாக்கி இன்னொருவர் தலையில் விழும். முதல் பதிவு இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் பொருந்துவதாலேயே மூன்றையும் கோத்துவிடும் மென்பொருள்கள் இந்தத் தவறைச் சங்கிலியாகவே செய்கின்றன. ஜிஎஸ்டி எண் ஒன்றாக இருப்பதும் முடிந்த முடிவல்ல. ஒரே பதிவின் கீழ் மாநிலத்துக்குள் பல கிளைகள் இயங்கலாம். ஆகவே நிறுவனம், கிளை, தொடர்புக்குரிய ஆள் ஆகிய மூன்றையும் தனித்தனி அட்டவணைகளில் வைத்து இணைப்பதே முறை. அப்படிச் செய்தால் ‘எம். தமிழரசன்’ என்பவர் ட்ரேடர்ஸின் உரிமையாளராகப் போய் அமர்ந்துகொள்வார். அவரை அழிக்கவோ கரைக்கவோ தேவையில்லை. பழைய வரிகளையும் மதிப்பெண்ணையும் அவை இணைந்த தேதியையும் பத்திரப்படுத்தினால், தவறு தெரியும் நாளில் மீண்டும் பிரிக்க முடியும்.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பற்றி முடிவெடுக்கவோ பிறருக்கு வழங்கவோ பயன்படும் தரவு துல்லியமாகவும் முழுமையாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதிசெய்யும் கடமையை நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. திருத்தம் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. நடைமுறையில் இதற்குப் பெரிதும் கைகொடுப்பது, புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும் திரையிலேயே இதே மதிப்பெண் கணக்கை ஓட்டி, சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன் ஒத்திருக்கும் பழைய பதிவுகளைக் காட்டுவது. கவுண்டரில் ஆள் காத்திருக்கும்போது பில் போடுபவர் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகத்தான் செய்வார். ஆதலால் திரை அவரைத் தடுக்காமல், அந்தப் பதிவை மட்டும் மாலையில் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.