மிச்சக் காசில் வாங்கும் மதர்போர்டு

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர், தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. "ரேம்தான் போயிருக்கும்னு இன்னொன்னு வாங்கிப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. அப்புறம் பவர் சப்ளையையும் மாத்திட்டேன்" என்றார். மதர்போர்டைத் (எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகை) திருப்பி பயாஸ் சிப்பின் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மென்பொருள் இருக்கும் சிப்) மேல் ஒட்டியிருந்த துணுக்கு ஸ்டிக்கரைப் படித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய ப்ராசசர் சந்தைக்கு வருவதற்கு முன்பே அந்தப் போர்டு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியிருக்கிறது. அப்படி ஒரு ப்ராசசர் இருப்பதே அதற்குத் தெரியாது. இதற்கென்றே இழுப்பறையில் வைத்திருக்கும் பழைய ப்ராசசரை மாட்டி, பென் டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றி, அவருடையதைத் திரும்பப் பொருத்தினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எதுவுமே பழுதாகியிருக்கவில்லை. இரண்டாவதாக வாங்கிய ரேமும் பவர் சப்ளையும்தான் தண்டம்.

குறைந்த பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் ப்ராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள். கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அந்தக் காசுக்கு ஒரு மதர்போர்டு. இதை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். போர்டு வேகத்தைக் கூட்டாது. ஒரே ப்ராசசரைச் சாதாரண போர்டிலும் விலை உயர்ந்த போர்டிலும் போட்டால், மின்சாரம் ஒழுங்காகப் போகிற வரை, உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் போர்டில் காசை மிச்சம் பிடிக்கலாம். பார்க்காமல் வாங்குவதுதான் வம்பு.

சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம், பொருந்தினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 6, 7-ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்கும் அதே பெயர்தான், 8, 9-ஆம் தலைமுறைக்கும் அதே பெயர்தான். ஆனால் முதல் ஜோடிக்கான போர்டில் இரண்டாவது ஜோடி ஓடாது, அதற்கான போர்டில் முதல் ஜோடியும் ஓடாது. பழைய பொருள் வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இதில் மாட்டுகிறார்கள். பின்னாளில் வந்த எல்ஜிஏ 1700 பரவாயில்லை, 12, 13, 14 என்று மூன்று தலைமுறைகளைத் தாங்குகிறது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் அதைவிட நீண்ட ஆயுள் கொண்டது. 2017-இல் வந்த முதல் ரைசன் ப்ராசசரிலிருந்து 5000 வரிசை வரை ஒரே சாக்கெட். இந்தத் தாராளத்தில்தான் மாணவருக்கு நேர்ந்த மாதிரியான சிக்கலும் வருகிறது. ஓட்டை ஒன்றுதான், ஓடுமா ஓடாதா என்பதை பயாஸ் தீர்மானிக்கிறது.

எனவே போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், அது ஏற்கும் ப்ராசசர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் ப்ராசசரின் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும், அதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பழைய பதிப்பு எண் என்றால் கவலையில்லை. மிகச் சமீபத்தியது என்றால், விற்பவரிடமே பயாஸை ஏற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். ப்ராசசரே இல்லாமல், பவர் சப்ளையை மட்டும் இணைத்து, பென் டிரைவிலிருந்து ஏற்றிவிடலாம். பட்ஜெட் போர்டில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்று நான் சொல்லும் ஒரே பட்டன் இதுதான்.

ரேமில் ஒரு பொடி வைத்த விஷயம் உண்டு. எல்ஜிஏ 1700 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு தலைமுறை ரேமுக்கும் தனித்தனியாக வருகின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே. கடைசியில் 'டி4' என்று ஒட்டியிருப்பது மட்டுமே வேறுபாடு, சில மாடல்களில் அதுவும் இருக்காது. இரண்டு ரேமுக்கும் 288 பின்தான். நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். உட்காரவில்லையே என்று பலம் கொண்ட மட்டும் அழுத்தி ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-இல் இந்தக் குழப்பம் இல்லை, டிடிஆர்5 மட்டும்தான்.

இரண்டு ஸ்லாட் போதுமா என்று கேட்பார்கள். பெரும்பாலோருக்குப் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பியிருந்தால் முதல் நாளே ஒரே மாதிரி இரண்டு ரேம் போடுங்கள். விளையாட்டுகளில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். தனிக் கார்டு இருந்தால் இப்போதைக்கு ஒரு 16 ஜிபி, பின்னால் இன்னொன்று என்று போகலாம்.

இனி, அதிகம் பேர் பார்க்காத இடம். சாக்கெட்டுக்கு இடப்புறமும் மேலேயும் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டிகள் தெரியும். அதுதான் விஆர்எம். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ப்ராசசர் கேட்கும் ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவுக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. ப்ராசசர் விவரத்தில் 65 வாட் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறுவது இங்கேதான். கோர் ஐ5-12400-க்கும் 65 வாட், ஐ7-12700-க்கும் 65 வாட். ஆனால் முழு வேகம் எடுக்கும்போது முன்னது 117 வாட் வரை போகும், பின்னது 180 வரை போகும். முதலாவதை ஒரு சாதாரண எச்610 (போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டின் பெயர்) போர்டு சமாளித்துவிடும். இரண்டாவதை, விஆர்எம் மேல் ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லாத போர்டில் மாட்டினால் என்ன ஆகும்?

வீடியோ எடிட் செய்யும் ஒருவர் அப்படித்தான் மாட்டியிருந்தார். "முதல் பத்து நிமிஷம் பறக்குது, அப்புறம் படுத்துடுது" என்றார். ப்ராசசரின் சூடு 60 டிகிரிக்குப் பக்கம்தான். அவர் கூலரை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. வெப்பமானியை விஆர்எம் பக்கம் காட்டினேன், 100-ஐத் தாண்டி நின்றது. வெந்துபோகாமல் இருக்க போர்டே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ப்ராசசரோடு வரும் சாதாரண கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்முக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். இவர் ஆசையாக வாங்கிய உயரமான கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. அங்கே ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்து தற்காலிகமாகச் சரிசெய்தோம். ஐ7, ரைசன் 7, 9 என்று போகிறவர்கள் விஆர்எம் மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) இல்லாத போர்டைத் தொடவே வேண்டாம். ஐ3, சாதாரண ஐ5, ரைசன் 5 என்றால் இதற்கு அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கிராபிக்ஸ் கார்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்கான நீளமான ஸ்லாட்டில் 16 லேன் (தரவு ஓடும் பாதை) உண்டு, ஆனால் எல்லாக் கார்டும் பதினாறையும் பயன்படுத்துவதில்லை. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பிசிஐ எக்ஸ்பிரஸ் (அந்தப் பாதைகளின் வேகத்தைச் சொல்லும் தரம்) 4.0 போர்டில் அது தாக்குப்பிடிக்கும். ஏ520, பி450 போன்ற 3.0 போர்டுகளில் பாதை பாதியாகச் சுருங்கி, சில விளையாட்டுகள் திணறும். பட்ஜெட் கார்டை பட்ஜெட் போர்டில்தானே போடுவார்கள்! அதனால் அடி விழுவதும் அவர்களுக்குத்தான். மெல்லிய எஸ்எஸ்டி பொருத்தும் எம்.2 ஸ்லாட்டும் இதே கதை. வேகமான என்விஎம்இ வகை ஓடுமா, பழைய சாட்டா வகை மட்டுமா, அதை நிரப்பினால் எந்த சாட்டா போர்ட் அணையும் என்பதெல்லாம் மேனுவலில் எழுதியிருக்கும்.

போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலே படம் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் ப்ராசசரிலோ, ரைசன் 5 5600-இலோ கிராபிக்ஸே கிடையாது. 5600ஜி-யில் உண்டு.

பளபளப்பான பெட்டியில், ஆச்சரியமான விலையில், கேள்விப்படாத பெயரில் வரும் போர்டைக் கண்டால் சிப்செட்டின் பெயரைக் கேளுங்கள். எச்61 என்று பதில் வந்தால் அது 2011-இல் வந்த சங்கதி. பழைய சிப்பைப் பிரித்தெடுத்துப் புதுப் பலகையில் ஒட்டி விற்பது நடக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் 8-ஆம் தலைமுறை ப்ராசசரும் அங்கே கிடைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

போர்டு கைக்கு வந்ததும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்ஜிஏ 1700, ஏஎம்5 இரண்டிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. நேராக இருந்தால் எல்லாம் ஒரே சீராக மின்னும், வளைந்தது மட்டும் தனியாகக் கண் சிமிட்டும். அப்போதே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மூடியையும் தூக்கி எறிய வேண்டாம், வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லையென்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் சரியாகப் பார்த்து ஏஎம்5 போர்டு வாங்கிய ஒருவர் முதல் நாள் இரவே போன் செய்தார். திரை வரவில்லை, நான்கு முறை அணைத்து அணைத்துப் போட்டாயிற்று, நாளைக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். டிடிஆர்5 ரேமை முதல் தடவை பழக்கிக்கொள்ள போர்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அவர் அணைக்க அணைக்க அது முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. "போட்டுட்டு கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க, பட்டன் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கால் மணி நேரத்தில் பயாஸ் திரையின் போட்டோ வந்தது.