மூடுபனி தொலைவை எப்படி வரைகிறது?

மொரிசியஸின் நடுமேட்டு நிலத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கங்கா தலாவ் ஏரிக்குப் போகிறவர்கள், கரையைப் பனி மூடியிருக்கும் வேளையில் எடுத்த படங்களை வீட்டில் திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். கண்ணுக்கு வெள்ளையாக ஒளிர்ந்த பனி படத்தில் அழுக்குச் சாம்பலாகவும், அடுக்கடுக்காகத் தெரிந்த மரங்கள் ஒரே மங்கலாகவும் இருக்கின்றன. பனி ஒளியை என்ன செய்கிறது என்பதையும், கேமரா எதை எதிர்பார்த்து அளக்கிறது என்பதையும் அறிந்துகொண்டால், இந்த ஏமாற்றத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அங்கே நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் தரையைத் தொட்டு நிற்கும் மேகம். ஆண்டின் பெரும்பகுதியும் தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று இந்துமாக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து தீவின் சரிவில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. அதன் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையும் உயரத்தோடு சிறிதளவு குறைவதால், கடலோர வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் தோராயமாக எத்தனை மீட்டரில் அமையும் என்பது கிடைத்துவிடும். கடலோரத்தில் வெப்பநிலை 24 டிகிரி, பனிநிலை 20 டிகிரி என்றால் விடை 500 மீட்டர். கங்கா தலாவும் கியூர்பிப் நகரும் மேகத்துக்குள் இருக்கும். வேறுபாடு 7 டிகிரியானால் அடிமட்டம் 875 மீட்டருக்குப் போய்விடும். தீவின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். பிளேசான்ஸ் விமான நிலைய வானிலை அறிக்கையில் இந்த இரண்டு எண்களும் இருப்பதால், தாமரின் கடற்கரையில் வெயில் காயும்போதே மேட்டு நிலத்தின் நிலைமையை ஓரளவு கணித்துக்கொண்டு புறப்படலாம்.

மேகத்துளி ஒன்றின் விட்டம் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான் என்பதால், இத்தனை பெரிய துளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கிறது. பனி வெண்மையாக இருப்பதன் காரணம் இதுவே. காற்று மூலக்கூறுகளோ மிகச் சிறியவை. அவை நீல ஒளியைச் சிவப்பைக் காட்டிலும் சுமார் 4 மடங்கு அதிகமாகச் சிதறடிப்பதால்தான், பனியில்லாத நாளில் தொலைமலை நீலமாகத் தெரிகிறது. பனிப்படத்தைத் திருத்தும்போது வெண்மையையும் நீலத்தையும் ஒரே குறையாகக் கருதி இரண்டையும் துடைத்துவிடக் கூடாது. அவை வெவ்வேறு காரணங்களால் வந்தவை.

துளியின் சிறுமையில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மழைத்துளியின் நீரை 10 மைக்ரோமீட்டர் துளிகளாகப் பிரித்தால் 80 லட்சம் துளிகள் கிடைக்கும். அவை ஒளியை மறிக்கும் மொத்தப் பரப்பு முன்பிருந்ததைப்போல் 200 மடங்காகும். அதனால்தான் காற்றில் அதே அளவு நீர் இருந்தும் மழைக்கு ஊடே தொலைவு தெரிகிறது, பனிக்கு ஊடே தெரிவதில்லை. பனிக்குள் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தூறலாக இறங்கும்போது எதிர்க்கரை தெளியத் தொடங்குவதுண்டு. கேமராவை மூடி வைக்கத் தோன்றும் அந்த நேரத்தில்தான், என் கருத்தில், மிக நல்ல படங்கள் கிடைக்கின்றன.

தொலைவு கூடக் கூட ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு எப்படித் தேய்கிறது என்பதற்கு 1924-இல் ஜெர்மன் வானிலை அறிஞர் கோஷ்மீடர் ஒரு விதி வகுத்தார். அந்த வேறுபாடு 2 சதவீதமாகக் குறையும் தொலைவையே பார்வை எல்லை என்கிறோம். எல்லை 1 கிலோமீட்டர் என்று கொண்டால், 250 மீட்டரில் நிற்கும் கரிய மரத்தின் வேறுபாட்டில் சுமார் 38 சதவீதம் மிஞ்சும். 500 மீட்டரில் 14 சதவீதம். தொலைவு இரட்டிக்கும்போது மிச்சம் பாதியாவதில்லை, அதன் வர்க்கமாகச் சுருங்குகிறது. ஆகவே அடுக்குகளாகத் தெரியும் படம் வேண்டுமென்றால், முதல் மரம் மிக அருகிலும், இரண்டாவது சற்றுத் தள்ளியும், மலை முகடு பார்வை எல்லையை ஒட்டியும் அமையுமாறு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாமே தொலைவில் இருந்தால் எந்தத் திருத்தமும் அடுக்கை உண்டாக்காது.

கேமராவின் ஒளியளவி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே அளக்கிறது. வெண்பனியையும் அது சாம்பலாக்கிவிடும். எனவே ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இரு மடங்காக, ஒளியைக் கூட்டி, படத்தின் ஒளி நிலைகளை இருளிலிருந்து வெளிச்சம்வரை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமின் மேடு வலப்புறச் சுவரைத் தொடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தானியங்கிக் குவியம் ஒளி வேறுபாட்டைத் தேடியே இயங்குவதால், வெறும் பனியில் அது முன்னும் பின்னும் அலையும்; அருகிலுள்ள மரத்தின் விளிம்பிலோ, ஏரிக்கு வரும் சாலையோரம் நிற்கும் 33 மீட்டர் உயரச் சிவன் சிலையின் விளிம்பிலோ குவித்து, அந்த நிலையிலேயே பூட்டிவிடலாம். குளிரூட்டிய காரிலிருந்து நேரே இறங்கினால் லென்ஸ் பனிநிலையைவிடக் குளிர்ந்திருக்கும், கண்ணாடியில் ஈரம் படியும். வந்து சேர்வதற்குச் சற்று முன்பே சன்னலைத் திறந்துவிடுவது போதும்.

நீருக்கு வருவோம். ஏரியை நேர் மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அந்த அளவு மிக வேகமாக உயரும். கரையோரம் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் ஏரி முழுவதும் பனியின் வெண்மையை ஏந்திக்கொள்ள, நீர் எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமற் போவதற்குக் காரணம் இதுதான். போலரைசர் வடிப்பான் அந்த எதிரொளியை வெட்டி ஏரியைக் கருப்பாக்கிவிடும். ஆனால் பனியின் ஒளி பலமுறை சிதறி வருவதால் பனியை அது வெட்டுவதில்லை. இங்கே அதைக் கழற்றி வைப்பதே நல்லது. சாமரேல் அருவி போன்ற இடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. நீரின் ஓட்டத்தை இழையாகக் காட்ட அரை நொடியாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். காற்றில் நகரும் பனியோ அதற்குள் தன் உருவத்தை இழந்துவிடும். முக்காலியில் நிறுத்தி இரண்டு வேகங்களில் எடுத்து, பின்னர் இணைத்துக்கொள்ளலாம்.

திருத்தத்தின் போது நினைவில் கொள்ள வேண்டிய சமன்பாடு எளியது: படத்தின் ஒவ்வொரு புள்ளியும், பொருளின் ஒளியில் வழியில் அழியாமல் மிஞ்சிய பங்கும், பனி தானாகச் சேர்த்த வெள்ளொளியும் கூடியது. கணினிப் பார்வை ஆய்வாளர்களான கைமிங் ஹே, ஜியான் சன், சியாவோ-ஓ டாங் ஆகிய மூவரும் 2009-இல் வெளியிட்ட முறை இதையே தலைகீழாகத் தீர்க்கிறது. பனியில்லாத படத்தில் வானம் தவிர்த்த பெரும்பாலான சிறு பகுதிகளிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எங்காவது சுழியை நெருங்கியிருக்கும். அப்படி நெருங்காவிட்டால் அந்த மிகுதி பனியால் வந்தது என்று கொண்டு கழிக்கலாம். இந்த ஊகம் இயல்பிலேயே வெண்மையான பொருள்களிடம் தோற்றுப்போகிறது. அருவியின் நுரையையும், மகா சிவராத்திரிக்கு நடந்து வரும் பக்தர்களின் வெள்ளுடையையும் அது பனியென்றே எண்ணி இருளச் செய்யும்.

கழித்த பிறகு, மிஞ்சிய பங்கால் வகுக்க வேண்டும். 500 மீட்டரில் மிஞ்சியது 14 சதவீதம் என்றால், வேறுபாட்டை மீட்க 7 மடங்கு பெருக்குகிறோம். சென்சாரின் இரைச்சலும் அதே 7 மடங்கு பெருகிவிடும். திருத்த மென்பொருளில் பனிமூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பட்டையைப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் இழுப்பவர்களின் படங்களில் தொலைமலை புள்ளி புள்ளியாக வெடித்திருப்பது இதனால்தான். அருகிலுள்ள மரத்துக்கு மட்டும் மறைப்பு (திருத்தம் அந்தப் பகுதியை மட்டும் தொடுமாறு வரையும் எல்லை) வரைந்து கருமையைக் கூட்டிவிட்டு, நடு அடுக்கைச் சிறிதே தொட்டு, கடைசி முகட்டை அப்படியே விடுவதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. அடுக்குகளின் வரிசை மாறாதவரை கண் தொலைவை நம்பும்.

சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுப்பது இங்கே கட்டாயம். 14 பிட் ரா கோப்பில் 16,384 நிலைகள் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256. பனிப்படம் அந்த வீச்சில் கால்பங்கை மட்டும் பயன்படுத்தினால் ஜேபெக்கில் கிடைப்பவை 64 நிலைகளே. அவற்றை இழுத்து விரித்தால் மென்மையாக மாற வேண்டிய வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றும். ராவிலிருந்து திருத்தி இறுதியில் ஜேபெக்காக மாற்றும்போதும் இந்த ஆபத்து இருப்பதால், மாற்றுவதற்கு முன் மிக மெல்லிய பொடிமணியை, அதாவது நுண்புள்ளிகளாலான செயற்கை இரைச்சலை, சேர்த்துவிட வேண்டும். நிலைகளுக்கு இடையிலான எல்லைகளை அது கலைத்துவிடும்.