ஓரோபிளாங்கோ: புளிப்பு போனது, மருந்தோடு மோதல் போகவில்லை

வெளித்தோல் பச்சையாக இருக்கும். பழுக்காத காயோ என்று சந்தேகம் வரும். அறுத்துச் சுளையை வாயில் போட்டால் கிரேப்ஃப்ரூட்டின் மணம் இருக்கும். முகம் சுளிக்க வைக்கும் புளிப்பு மட்டும் இருக்காது. இதுதான் ஓரோபிளாங்கோ. ஸ்பானிய மொழியில் 'வெண்பொன்' என்று பொருள். இஸ்ரேலில் விளைவித்து ஏற்றுமதி செய்பவர்கள் இதையே 'ஸ்வீட்டி' என்று விற்கிறார்கள்.

அமெரிக்காவின் ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1958-இல் ராபர்ட் சூஸ்டும் ஜேம்ஸ் கேமரானும் செய்த இனக்கலப்பில் பிறந்தது இந்தப் பழம். விவசாயிகள் கைக்கு வந்தது 1980-இல். தாய், அமிலமே இல்லாத ஒரு பம்பளிமாசு வகை. தந்தை, விதை நிறைந்த வெள்ளை கிரேப்ஃப்ரூட். அதிலும் குரோமோசோம் தொகுதிகள் இரட்டிப்பான நான்மடிய மரம். எலுமிச்சைக் குடும்பத்தில் வழக்கமான எண்ணிக்கை 18 குரோமோசோம்கள். தாய் 9 கொடுத்தது, தந்தை 18 கொடுத்தது, பிள்ளைக்கு 27. இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று தொகுதிகளை இரண்டாகச் சமமாகப் பங்கிட வழியில்லை. அதனால் விதை உருவாவதில்லை. விதையில்லாத வாழைக்கும் இதே கணக்குத்தான்.

கிரேப்ஃப்ரூட்டே ஒரு கலப்பினம்தான். பம்பளிமாசும் ஆரஞ்சும் கரீபியத் தீவான பார்படோஸில் தற்செயலாகக் கலந்து பிறந்தது. அந்த ஆரஞ்சுக்குள்ளும் பம்பளிமாசு ரத்தம் உண்டு. கூட்டிப் பார்த்தால் ஓரோபிளாங்கோவில் ஏறக்குறைய முக்கால் பங்கு பம்பளிமாசு. தோல் விரல் தடிமன் இருப்பதற்கும், பழம் பெரிதாக இருந்தும் உரித்தபின் சதை குறைவாகக் கிடைப்பதற்கும் இந்த வம்சம்தான் காரணம். வாங்கும்போது நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. அளவுக்கு மீறிக் கனக்கும் பழத்தை எடுங்கள்.

புளிப்பு எப்படிக் குறைந்தது? சாற்றுச் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் வாக்குவோல் என்ற நீர்ப்பை இருக்கிறது. புளிப்பான வகைகளில் செல், ஹைட்ரஜன் அயனிகளை அந்தப் பைக்குள் ஓயாமல் இறைத்துத் தள்ளுகிறது. கூடவே சிட்ரிக் அமிலமும் அங்கே குவிகிறது. அமிலமற்ற வகைகளில் இந்த இறைப்பு பலவீனமாக இருக்கும். அப்படிப்பட்ட தாயிடமிருந்து ஒரு தொகுதி மரபணுக்கள் வந்ததால் ஓரோபிளாங்கோவில் புளிப்பு மட்டுப்பட்டது. சர்க்கரையைக் கொட்டி இனிப்பாக்கிய பழம் அல்ல இது. இருக்கும் சர்க்கரையைப் புளிப்பு மறைக்காததால்தான் இனிக்கிறது.

கசப்பின் கதை வேறு. கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாசும் கசக்க முதல் காரணம் நாரிஞ்சின். அதன் மூலக்கூறில் ராம்னோஸ் என்ற சர்க்கரை, குளுக்கோஸின் இரண்டாம் கார்பனில் ஒட்டியிருக்கிறது. அதே ராம்னோஸ் ஆறாம் கார்பனில் ஒட்டினால் கிடைப்பது நாரிருடின். அதற்குக் கசப்பே கிடையாது. எந்த இடத்தில் ஒட்டுவது என்பதை முடிவு செய்வது ஒரு நொதி. பம்பளிமாசிடம் கசப்பு நொதி உண்டு. ஆரஞ்சிடம் இருப்பது கசக்காத நொதி. ஓரோபிளாங்கோவில் நாரிஞ்சின் ஒழிந்துவிடவில்லை. தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சிலும் சுளையைப் போர்த்திய சவ்விலும் நிறையவே இருக்கிறது.

ஆகவே ஆரஞ்சைப் போல் சுளையைச் சவ்வோடு மென்று தின்றுவிட்டு 'கசக்கிறதே' என்று பழத்தைக் குறை சொல்லக் கூடாது. மேலும் கீழும் வட்டமாகச் சீவிவிட்டு, தோலை வெள்ளைப் பஞ்சோடு சேர்த்துக் கத்தியால் அரிந்து எடுங்கள். பிறகு சுளையின் முதுகில் கீறிச் சவ்வை உரித்தால் முத்து முத்தாகச் சதை தனியே வரும். ஒரு சிட்டிகை உப்பு தூவினால் மிச்சக் கசப்பும் அடங்கும். சோடியம், நாக்கு உணரும் கசப்பை அமுக்கிவிடும். பம்பளிமாசுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்வது வெறும் ருசிக்காக மட்டுமல்ல.

சாறு பிழிந்தால் உடனே குடித்துவிடுங்கள். லிமோனின் என்ற இன்னொரு கசப்புப் பொருளின் முன்னோடி, முழுப் பழத்தில் கசக்காத வடிவில் இருக்கிறது. பிழியும்போது செல்கள் உடைந்து அது அமிலத்தோடு சேர்கிறது. சில மணி நேரத்தில் லிமோனினாக மாறுகிறது. காலையில் இனித்த சாறு மாலையில் கசப்பதற்கு இதுதான் காரணம், கெட்டுப்போனதால் அல்ல. மிக்ஸியில் சவ்வோடு போட்டு அடித்தால் மாலைவரை காத்திருக்கவும் வேண்டாம்.

சத்துக் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளை கிரேப்ஃப்ரூட்டில் சுமார் 33 மில்லிகிராம் வைட்டமின் சி, பம்பளிமாசில் சுமார் 61. பிள்ளையை இடைப்பட்டதாக வைத்துக்கொண்டால் 150 கிராம் சதையில் 50 முதல் 90 மில்லிகிராம் வரை கிடைக்கும். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 80. நல்ல அளவுதான், அதிசயம் ஒன்றுமில்லை. கொய்யா இதைவிடப் பல மடங்கு தரும். கலோரி 100 கிராமுக்கு 35-ஐ ஒட்டி. நார்ச்சத்து 1 கிராம் அளவே, ஏனென்றால் பெக்டின் மிகுந்த வெள்ளைப் பகுதியை நாம் வீசிவிடுகிறோம். சதை வெண்மை என்பதால் சிவப்பு கிரேப்ஃப்ரூட்டில் உள்ள லைகோபீன் என்ற நிறமியும் இதில் இல்லை. கீரை, பருப்புச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றால் அவற்றின் இரும்பை வைட்டமின் சி உடல் எளிதில் உறிஞ்சும் வடிவுக்கு மாற்றும். பிறகு உடனே டீ குடித்தால் அந்தப் பலன் பாழ்.

'கொழுப்பைக் கரைக்கும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஸ்வீட்டி சாறு கொடுத்து இஸ்ரேலில் செய்த ஆய்வில் ரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் அதில் பங்கேற்ற நோயாளிகள் ஒரு டஜன்தான். அதை வைத்து மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

மாத்திரை என்றதும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். புளிப்பையும் கசப்பையும் நாக்கு கண்டுபிடித்துவிடும், ஃபியூரனோகூமரின்கள் என்ற இயற்கை வேதிப்பொருள்களைக் கண்டுபிடிக்காது. பெர்காமாட்டின் முதலிய இந்தப் பொருள்கள் தாய், தந்தை இரண்டிலும் உண்டு. நம் சிறுகுடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி காவல் நிற்கிறது. பல மருந்துகளின் கணிசமான பகுதியை ரத்தத்தில் சேருமுன்பே உடைத்துவிடும். மருந்தின் அளவை நிர்ணயித்தபோது இந்த இழப்பும் கணக்கில் உண்டு. ஃபியூரனோகூமரின் அந்த நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. குடல் புது நொதி செய்து பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். அதனால் 'பழம் காலையில், மாத்திரை இரவில்' என்ற உபாயம் பலிக்காது. ஒரே மாத்திரை, பல மாத்திரைகள் விழுங்கியதுபோல் வேலை செய்யும்.

இது வெளிப்பட்டதே தற்செயலாகத்தான். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது எப்படி வினைபுரிகிறது என்று சோதித்தார்கள். மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு ஏறியது. மதுவல்ல, சாறுதான் காரணம் என்று 1991-இல் எழுதினார்கள். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன், உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை இந்த வரிசையில் வருபவை. கொலஸ்ட்ராலுக்கான இன்னொரு மருந்தான ரோசுவாஸ்டாடினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜப்பானில் நோயாளிகளுக்குத் தரும் தவிர்க்க வேண்டிய பழப் பட்டியல்களில் ஸ்வீட்டியும் இருக்கிறது. ஒவ்வாமைக்கான ஃபெக்ஸோஃபெனடினில் நேர்மாறு: மருந்தைக் குடல் செல்களுக்குள் ஏற்றும் புரதத்தைச் சாறு தடுப்பதால் மருந்து குறைவாகவே உள்ளே போகும்.

நம்மூர்ச் சந்தையில் ஓரோபிளாங்கோ அரிது; பம்பளிமாசு அரிதல்ல. இந்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். மேலே சொன்னவற்றில் ஃபெக்ஸோஃபெனடின் தவிர மற்ற மருந்துகளை எடுப்பவர்கள் சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு பக்கம் போகலாம். அவற்றின் சாற்றில் ஃபியூரனோகூமரின் பொருட்படுத்தும் அளவில் இல்லை.