மனிதருக்கு ‘தட்’ வரலாமா?

‘தி மேன் தட் கேம் எஸ்டர்டே’ (நேற்று வந்த மனிதர்) என்று மாணவர் எழுதினால், ‘தட்’டைச் சுழித்துவிட்டு ‘ஹூ’ என்று திருத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆளைப் போய்ப் பொருள் மாதிரிச் சொல்லலாமா என்பார்கள். நமக்கும் அது நியாயமாகத்தான் படும். யார் வேறு, எது வேறு என்று திணை பிரித்தே பழகிய காது நம்முடையது. ஆனால் ஆங்கிலத்தின் ‘தட்’ அஃறிணைச் சொல் அல்ல. அதற்குத் திணையே கிடையாது.

இந்த வேலையில் ‘ஹூ’வைவிட மூத்தது ‘தட்’தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஹூ’ பெரும்பாலும் கேள்வி கேட்கத்தான் பயன்பட்டது. ‘வந்த மனிதர்’ என்று ஆளைச் சுட்டும் வேலைக்கு அது பரவலாக வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘ஹீ தட் ஹாத் இயர்ஸ் டு ஹியர்’ என்று இருக்கிறது. கேட்கக் காதுள்ளவன் என்று பொருள். அதே பைபிளில் பரமண்டல ஜெபம் ‘அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்’ (பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே) என்று தொடங்கும். கடவுளுக்கே ‘விச்’! அப்புறம்தான் ‘விச்’ மெல்ல மெல்லப் பொருள்களின் பக்கம் ஒதுங்கியது. இன்று மனிதருக்கு ‘விச்’ போட்டால் அது பிழையேதான்.

1711-இல் எழுத்தாளர் ரிச்சர்ட் ஸ்டீல் லண்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ஒரு வேடிக்கைக் கட்டுரை எழுதினார். ‘ஹூ’வும் ‘விச்’சும் சேர்ந்து மனுக் கொடுக்கின்றன: ‘தட்’ வந்து எங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாம்! வரலாறு நேர் எதிர். பின்னால் வந்தவர்களே முதலில் இருந்தவர்மேல் புகார் சொல்கிறார்கள்.

சரி, இன்று எதை எழுதுவது? ஆளைக் குறிக்க ‘தட்’டைவிட ‘ஹூ’ பாதுகாப்பு. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அதையே எழுதுங்கள். ‘தட்’ தவறாகிற இடம் ஒன்று உண்டு. ‘மை மதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை’ என்பதில் யார் என்பது முன்பே தெரிந்துவிட்டது. காற்புள்ளிக்குப் பின் வருவது கூடுதல் செய்தி மட்டுமே. அங்கே ‘தட்’ வராது.

‘ஹூ’ வேற்றுமை ஏற்று வரும் வடிவமான ‘ஹூம்’ பலரையும் பயமுறுத்துகிறது. அதன் கடைசி ‘ம்’தான், ‘ஹிம்’, ‘தெம்’ ஆகியவற்றிலும் இருக்கிற பழைய வேற்றுமை உருபு. அதனால் நம் இரண்டாம் வேற்றுமையை வைத்தே சோதிக்கலாம். ‘நான் பார்த்த பையன்’ என்பதைப் பிரித்தால் ‘நான் அவனைப் பார்த்தேன்’. ஐ உருபு வந்துவிட்டது, ஆகவே ‘ஹூம்’. ‘என்னைப் பார்த்த பையன்’ என்றால் ‘அவன் என்னைப் பார்த்தான்’, எனவே ‘ஹூ’. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்கூடச் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது: ‘தி மேன் ஹூம் ஐ தாட் வாஸ் தி டாக்டர்’. பிரித்துப் பாருங்கள். ‘அவர் டாக்டர் என்று நினைத்தேன்’. ஆங்கிலத்தில் ‘வாஸ்’ என்ற வினைக்கு எழுவாய் வேண்டும்; ‘அவரை’ என்பதற்கு அங்கே இடமில்லை. ஆகவே ‘ஹூ’தான்.

பேச்சில் ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் இந்தத் தலைவலியை வைத்துக்கொள்வதில்லை. ‘தி பாய் ஐ சா’ என்று சொல்லையே விட்டுவிடுகிறார்கள். ‘நான் பார்த்த பையன்’ என்னும்போது நம்மிடமும் அப்படியொரு தனிச்சொல் கிடையாதே!